ஈரத்துணிக் கணக்கு

காலை ஆறு மணிக்கு
ரேஷன் கடை மாடியில் ஏறுகிறேன்.
ஒரு வாளித் தண்ணீர், கிழித்த வேட்டித்துண்டு ஒன்று.
பத்துத் தகடுகள். பத்தின் மேலும்
ராத்திரி முழுக்க அரிசி ஆலை
மூச்சுவிட்டுப் போட்டது கிடக்கிறது:
கறுப்பு, மெல்லிசு, தொட்டால் ஒட்டும்.

மாத்தங்குடியில் வெள்ளைச் சேலையை
யாரும் மொட்டைமாடியில் காயப்போடுவதில்லை.
என் கடை மாவில் புள்ளி விழுந்தால்
"எள்ளுப் போட்டியா ராக்கு?" என்பார்கள்.
சிரிப்போம். ரொம்ப நாள்
அதை மட்டுமே செய்துகொண்டிருந்தோம்.

கரண்ட் போன ஒரு பங்குனி மதியம்,
கிரைண்டருக்குள் உளுந்து பாதி அரைந்து கிடக்க,
மைமூன் வந்தாள். கையில் ஒரு நோட்டு.
"வெயில் இருக்கு. கூரைதான் இல்லை."
எங்கள் கூரைகளை அவளே எழுதியிருந்தாள்:
ஓடு, ஆஸ்பெஸ்டாஸ், ஓடு, கீற்று,
தாங்காது, தாங்காது, வீட்டுக்காரர் விடமாட்டார்.

தெருவின் பாதி நீளத்துக்கு
ஒரே வீடு. பூட்டிய வீடு.
பின்கட்டு மாடியில் கிரிக்கெட் ஆடலாம்,
அத்தனை வெயில்
ஆளில்லாமல் வந்து போகிறது.
அந்த வீட்டுக்கு முப்பத்தொன்பது புள்ளி.
முப்பத்தொன்பது கையெழுத்து.

வாட்ஸ்அப்பில் கேட்டோம், தபாலில் கேட்டோம்,
படைப்புக்கு வந்த கார்களின்
கண்ணாடியைத் தட்டிக் கேட்டோம்.
பினாங்கிலிருந்து வயிரவன்,
"அந்த வீட்டை நான் பார்த்ததே இல்லை, போடுங்கள்."
கோயம்புத்தூர் மெய்யம்மை மூன்று கேள்வி கேட்டாள்,
மூன்றும் நல்ல கேள்வி,
பதில் தெரியாமல் சேவுகனிடம் ஓடினோம்
(மின்வாரிய வயர்மேன், லீவு நாளில் மட்டும் எங்கள் ஆள்).

முப்பத்தெட்டு வந்தது.
முப்பத்தொன்பதாவது ஆள்
இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார்.
ஆலையில் பங்கு இருந்தது அவருக்கு.
காப்பி கொடுத்தார். மிக நல்ல காப்பி.
"வீட்டு லட்சணம் போயிரும்" என்றார்.

மே தினத்துக் கிராம சபைக்கு
வழக்கமாகப் பதினேழு பேர் வருவார்கள்,
நோட்டில் நூறு கையெழுத்து இருக்கும்.
அன்று நிஜமாகவே நூற்றுப் பதினொரு பேர்.
நான் பேசுவதாக இல்லை,
மைக்கைக் கையில் திணித்துவிட்டார்கள்.
உளுந்து விலை பற்றி ஏதோ சொன்னேன்.
உட்காரு என்று யாரும் சொல்லாததால்
மீட்டர் பற்றியும் சொன்னேன்.
அடைக்கலமேரி எழுந்தாள், பேசவில்லை,
மகனின் இன்ஹேலரை மேசைமேல் வைத்தாள்.

ரேஷன் கடை மாடி என்று தீர்மானம் எழுதினார்கள்,
இரண்டு எழுத்துப்பிழையோடு.
பிறகு ஏழு மாதம், மூன்று அலுவலகம்,
காணாமல் போய்க் கிடைத்த ஒரு கோப்பு,
குழுக் கடனில் என் பங்கு நாலாயிரத்து இருநூறு.

மார்கழியில் மீட்டர் மாட்டினார்கள்.
தெருக்குழாய் மோட்டார் ஓடியது,
குழுவின் நாலு கிரைண்டரும் ஓடின.
தை பிறந்து வெயில் ஏற ஏற
யூனிட் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது.
சேவுகன் மாடியேறிப் பார்த்துவிட்டு
விரலை நீட்டினான்.
நுனி கறுப்பு.

அதனால்தான் இந்த வாளி.

துடைத்த துணியை அலசுவதில்லை.
காயவைத்து, தேதி குத்தி, மடித்து வைக்கிறேன்.
ஆலை நின்ற நாளில் துணி டீ நிறம்.
ஓடிய நாளில் அடுப்படிச் சுவர்.
எதிரே அன்றைய யூனிட்டை
மைமூன் எழுதுகிறாள், இரண்டே பத்தி.
தெருவே பழைய வேட்டிகளைக் கொடுத்தது.
அந்த முப்பத்தொன்பதாவது வீட்டிலிருந்தும்
ஒன்று வந்தது, சலவை மடிப்பு கலையாமல்.
யார் கொடுத்தனுப்பியது என்று நாங்கள் கேட்கவில்லை.

நாளை திங்கட்கிழமை, சிவகங்கையில் குறைதீர் நாள்.
ஐந்தரை மணி பஸ். மனு ஒரு பக்கம்தான்.
துணிகள் நாற்பத்து மூன்று,
முழங்காலால் அழுத்தியும் பையின் ஜிப் மூடவில்லை.

"நாளைக்கு மாடிக்கு நான் ஏறுறேன்" என்கிறான்
அடைக்கலமேரியின் மகன்.
எல்லோரும் ஒரே குரலில்,
"நீ வேண்டாம்."